இருபத்தைந்து கிராம்

மல்வானைப் பக்கம் மூன்று நாள் மழை.
களனி கங்கை பால் தேத்தண்ணி நிறத்தில்
முகத்துவாரத்தைத் தாண்டி
இரண்டு மைல் கடலுக்குள் போயிருந்தது.
அதற்குள் நுழைந்ததும் எங்கள் படகு
ஒரு விரலளவு தாழ்ந்தது.
பாரம் ஒன்றும் கூடவில்லை.
நான், வின்ச்சு, அன்சலம்,
அன்சலத்தின் பாண் பார்சல்.
தண்ணீர்தான் மெலிந்திருந்தது.

எஞ்சின் அதே சுற்றில் இரைந்தது.
படகு நகர மறுத்தது.
"யாரோ கீழே பிடிச்சு இழுக்கிறான், மிஸ்."
யாருமில்லை, அன்சலம்.
மேலே ஓர் ஆள் ஆழத்துக்கு ஆறு,
அதன் அடியில் உப்பு.
இரண்டும் தொடும் இடத்தில்
நாங்கள் ஓர் அலையைக் கிளப்பிக்கொண்டு போகிறோம்,
எங்கள் பலமெல்லாம் அதற்கே போகிறது.
அவன் எட்டிப் பார்த்தான்.
மேற்பரப்பு, இஸ்திரி போட்ட சேலை.
"கண்ணுக்குத் தெரியாத அலைக்கு
டீசல் கணக்கு எப்படி எழுதுறது?"

நாற்பது மீற்றரில் நீர் நீலமாகித் தடித்தது.
போத்தலை இறக்கினோம், மூடினோம், ஏற்றினோம்.
படகு மெல்ல உயர்ந்து மெல்ல இறங்கியது.
பன்னிரண்டு செக்கனுக்கு ஒருதரம்.
எங்கோ தெற்கே, போன கிழமை, பெயரிடாத ஒரு புயல்
அனுப்பிவைத்த அலை.
ஆழக் கடலில் அது தண்ணீரைக் கொண்டுவரவில்லை;
தண்ணீர் நின்ற இடத்திலேயே ஒரு வட்டம் சுற்றி அமர,
அசைவு மட்டும் வந்தது
செக்கனுக்குப் பத்தொன்பது மீற்றர் வேகத்தில்.
தன் நீளத்தில் பாதியளவு ஆழம் குறைந்த இடத்தில்
தரை என்று ஒன்று இருப்பதை
முதன்முதல் அறிந்தது.
அப்போதிருந்து தயக்கம்.
முன்னே போகும் அலை தயங்க
பின்னே வரும் அலை நெருங்க
நீளம் குறுகி, குறுகியதெல்லாம் உயரமாகி.
பன்னிரண்டு செக்கன் மட்டும் மாறவில்லை.

கரையில் மெடில்டாவின் மீன் தராசு.
ஒரே அளவுப் போத்தல் இரண்டு.
ஆற்றுவாய்த் தண்ணீர் ஒரு லீற்றர்.
நாற்பது மீற்றர்த் தண்ணீர் ஒரு லீற்றர்.
இரண்டாவது இருபத்தைந்து கிராம் கூட.
"ஆழத்தில அவ்வளவு அமுக்கம், என?"
அமுக்கம் இந்த ஆழத்தில் ஒரு பொருட்டில்லை, அக்கா.
உப்பு. கொஞ்சம் குளிர். அவ்வளவுதான்.
அவள் சிரித்தாள்.
"நாங்களும் தண்ணி நிறுக்கிறோம் பிள்ளை, தினமும்.
ஐஸ் எண்டு சொல்லுவோம்."
இரண்டு போத்தலுக்கும் காசு வாங்கவில்லை.
கால் கிலோ சாளை வாங்க வைத்தாள்.

கோட்டையிலிருந்து ஆறு மணி ரயில்.
வாசலில் தொங்கினேன், கையில் சாளைப் பை.
கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் பக்கத்தில் வந்தது.
எண்ணினேன்: பதினொன்று, பன்னிரண்டு.
காலையில் என்னைத் தூக்கி இறக்கியதன் உறவு
இங்கே நாலு மீற்றர் ஆழத்தில்
முக்கால்பங்கு ஆழம் உயரமாக எழுந்து
இனி நிற்க முடியாமல்
கல்லில் தலைகுப்புற விழுந்தது.
ஆழத்தில் இருந்தவரை யாரும் அதைப் பார்க்கவில்லை.
இப்போது ஒரு பெட்டி நிறையச் சனம்
நனைந்து கூச்சலிட்டது.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கண்ணாடிக் கிளாஸில் பாதிக்கு ஆழத்து நீர்.
கரண்டியின் முதுகில் வழியவிட்டு
அதன்மேல் சீனியில்லாத வெறுந்தேத்தண்ணி.
கலக்கவில்லை. கோடு கீறியதுபோல் நின்றது.
அறைத்தோழி சுகிர்தா வந்தாள்.
வாடகைச் சண்டை. ஞாயிறிலிருந்து மௌனம்.
கிளாஸை எடுக்கக் கை நீட்டினாள்.
"குடிக்காதே."
"ஏன்?"
நான்கு நாளில் இவ்வளவுதான் பேச்சு.

அப்போது மருதானைப் பக்கம் போகும் ரயில்.
சுவர் நடுங்கியது, மேசை நடுங்கியது.
கிளாஸின் மேல்மட்டம் சிலிர்த்து, அடங்கிவிட்டது.
உள்ளே, கபிலத்துக்கும் தெளிவுக்கும் நடுவே
ஒரு பெரிய, மிகச் சோம்பலான அலை
அந்தச் சுவரில் ஏறி
இந்தச் சுவரில் ஏறி
ரயில் பம்பலப்பிட்டியைக் கடந்த பின்பும்.
இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
சாளை இன்னும் கழுவப்படவில்லை.